மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி

பண்டாரவளைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு வேட்டி, கடைத்தாள் பிரிக்கப்படாமல் என் அலுமாரியின் மேல்தட்டில் வெகு நாட்கள் இருந்தது. அப்பா வாங்கி வைத்தது. தோட்டத்து லயக் காம்பராவில் கூரை ஒழுகுகிறது, நத்தார்ப் பண்டிகை, கிறிஸ்து பிறப்பு, வரும் வரை உன்னிடம் இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். நத்தாருக்கு முன்னால் அவரே போய்விட்டார். அது யாருக்கு வாங்கிய வேட்டி என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அப்பாவுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இளையவர் என் வீட்டுக்காரர், பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறார். மூத்தவர் இயேசுநாதர்.

அக்கா கன்னியாஸ்திரி. பதுளையில் ஒரு மடத்தில் இருக்கிறாள். ஆயுள் முழுதும் துறவியாக இருப்பதாக அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிற செய்தியைச் சொல்ல, மாதம் ஒரு முறை எங்கள் தோட்டத்துக்குப் பூசை வைக்க வரும் பாதர் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. மடுல்சீமைப் பக்கத்தில் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் மேலே இருந்தது எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தோட்டத் தொழிலாளர் வீடுகள். அப்பா கவ்வாத்துக்காரர். அன்றைக்குத் தேயிலைச் செடி வெட்டிவிட்டு வந்த கத்தியை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, ஈரக் காலோடு நின்றபடி கேட்டார். பாதர் பொறுமையாக விளக்கினார். மகளை இழக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், இது ஒரு கலியாணம், மகள் கிறிஸ்துவுக்கு மணவாட்டியாகப் போகிறாள், மோதிரம்கூடப் போடுவார்கள் என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க என்னா சீர் செய்யணுங்க பாதர்?" என்று கேட்டார். பாதர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அம்மா பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றவர். மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் கேட்டால் அதற்குப் பிறகும் அவர் கால் தானாகத் தாளம் போடும். வேத விஷயங்களில் அவருக்குப் பிடிமானம் குறைவு. ஆனால் கலியாணம் என்றால் என்ன, பெண் கொடுத்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. உவமை, உருவகம் என்றெல்லாம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. கலியாணம் என்று பாதரே வாயால் சொல்லிவிட்டார். அத்தோடு அது முடிந்துபோன பேச்சு.

வார்த்தைப்பாடு நாளன்று எங்கள் லயமே ஒரு லொறியில் ஏறிப் பதுளைக்குப் போனது. மடத்துக்குக் கொஞ்சம் தூரத்திலேயே எல்லோரும் இறங்கி, பெண்கள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொள்ள, முன்னால் தப்பு அடித்துக்கொண்டு ஊர்வலமாக நடந்தோம். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, நடுவில் ஒரு தாம்பாளத்தில் கரை போட்ட வேட்டியும் சட்டைத்துணியும். கேட்டைத் திறந்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை உடுப்பில் உள்ளே நின்ற அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பூமி பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தாள். தப்பு நின்றது. அப்பா மட்டும் கூசாமல் முன்னால் போய், "பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்கோம்" என்றார். மடத்துப் பெரியவர், நாங்கள் மதர் என்று கூப்பிடுகிறவர், தாம்பாளத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் காலடியில் வைத்தார். எனக்கு இன்றைக்கும் அந்த அம்மாவின் மேல் பிரியம்.

அன்று பின்னேரம் திரும்பும்போது அப்பா அக்காவைத் தனியே கூப்பிட்டு, கட்டிக்கொடுத்த பெண்ணிடம் எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னார். "அவரு மனசு கோணாம நடந்துக்கம்மா. ஏதும்னா வீடு இருக்கு." பக்கத்தில் நின்ற பாதருக்கு அது பிடிக்கவில்லை. கடவுளுக்குக் கொடுத்த பிறகு வீடு இருக்கிறது என்று சொல்லக்கூடாது, அது மகளின் மனவுறுதியைக் குலைக்கும் என்று மெதுவாகக் கண்டித்தார். அப்பா தலையைச் சொறிந்தார். "பொண்ணு குடுத்தவன் அதச் சொல்லாம எப்படிங்க பாதர் வீட்டுக்குப் போவான்?" என்றார்.

அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு நத்தாருக்கும் அப்பா பண்டாரவளைக்கு வந்து ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு மடத்துக்குப் போவார். எனக்குக் கலியாணமான பிறகு இரண்டு வேட்டியாயிற்று. கடைக்கார முஸ்லிம் நானா அவரைக் கண்டதும், "மூத்தவருக்குக் கரை போட்டது, இளையவருக்குச் சாதா, அப்படித்தானே?" என்று கேட்டபடியே எடுத்துப் போடுவார். மூத்த மாப்பிள்ளை கொழும்பில் பெரிய உத்தியோகம் என்றுதான் அவர் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இந்த ஓரவஞ்சனையைச் சும்மா விடவில்லை. "சகலைக்கு மட்டும் கரை வேட்டி. நாம என்னா, லொறிக்காரன்தானே" என்று அப்பாவின் காதுபட இழுப்பார். அப்பா அசையமாட்டார். "அவரு மூத்தவருங்க. முறைன்னு ஒன்னு இருக்கில்ல" என்பார். கொடுத்த வேட்டிகளை மடத்தில் என்ன செய்தார்கள் என்று அப்பா கேட்டதில்லை. சீர் கொடுத்த பிறகு கணக்குக் கேட்பது மரியாதை இல்லையாம். அக்காவைப் பார்க்கப் போன ஞாயிறுகளில் மடத்துத் தோட்டக்காரர் கரை போட்ட வேட்டியில் பூசைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்பாவின் இந்தப் போக்கு வேடிக்கையாக இருந்ததே தவிர, அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. கடவுள் கணவர், அவருடைய சனங்கள் மனைவி என்ற பிரசங்கத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பிரசங்கங்களில் தடம் மாறிப் போவது எப்போதும் மனைவிதான். கணவர் பொறுமையாகக் காத்திருப்பார், மன்னிப்பார், திரும்பக் கூட்டிக்கொள்வார். கோவிலில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் லயத்தில் கதை பெரும்பாலும் வேறு மாதிரி. சம்பள நாளில் கள்ளுத் தவறணையிலிருந்து கூட்டிவர வேண்டியவர்கள் யார், கூட்டிவரப் போகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அந்த உவமை எனக்குள் இறங்கவே இல்லை. வாக்குத் தவறாமல் இருக்கும் பிரமாணிக்கம் என்றால் மேலே இருப்பவர் எங்களைக் கண்காணிப்பது என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய வருடம், தப்பியவர்கள் தங்கியிருந்த முகாமுக்கு மடத்திலிருந்து சிலரை அனுப்பினார்கள். அக்காவும் போனாள். சில மாதம் அங்கே இருந்தாள். பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாள் ஓய்வு என்று மதரிடம் கேட்டு வந்ததாகச் சொன்னாள். அம்மாதான் முதலில் கவனித்தாள், விரலில் மோதிரம் இல்லை. அது கைலேஞ்சித் துணியின் முனையில் முடிச்சாகக் கிடந்தது. அம்மா எனக்குச் சொல்லி அனுப்ப, நான் பண்டாரவளையிலிருந்து ஓடி வந்தேன். அக்கா அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

அப்பா அவளுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து, புருஷன் வீட்டிலிருந்து வந்த பெண்ணை விசாரிக்கிற மாதிரியே விசாரித்தார். "மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?" அக்கா இல்லை என்று தலையாட்டினாள். "பின்ன?" அக்கா முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு, "அவரு எங்கிட்ட பேசுறதே இல்லப்பா" என்றாள். "மண்ணுக்குள்ள போன புள்ளைங்கள ஏன் சிஸ்டர் ஆண்டவரு எடுத்துக்கிட்டாருன்னு அந்தத் தாய்மாருங்க எங்கிட்ட கேக்குறாங்க. நான் அவருகிட்ட கேக்குறேன். வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. தெனம் கேக்குறேன்." அவள் குரல் உடைந்தது. அழுதால் தேவலை என்று இருந்தது. அழவில்லை. அப்பா பெருமூச்சு விட்டார். "திட்டினாக்கூடப் பரவாயில்ல. பேசாம இருக்கிறதுதான் கொடும" என்றார். அம்மாவோடு குடும்பம் நடத்திய அனுபவத்தில் சொன்னது அது.

அம்மாவுக்கு ஒரே பயம். ஊர் என்ன சொல்லும், பாதர் என்ன சொல்லுவார், கடவுளுக்குக் கொடுத்த வாக்கை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று புலம்பினாள். கட்டினவரை விட்டுவிட்டு வந்து உட்காரலாமா, நாளைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று அப்பாவை நெருக்கினாள். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அப்பனே கொண்டுபோய் விட்டால், நாளைக்கு அந்த வீட்டில் அவளுக்கு என்ன மதிப்பு? புருஷன் வந்து கூப்பிட வேண்டும். அவனால் முடியாவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும். அதுதான் எங்கள் சனங்களின் பழக்கம், அது மூத்த மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்றார் அப்பா. அக்கா துறவறத்தில் இருப்பாளா, விட்டுவிடுவாளா என்று வீடே கலங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அந்தக் கேள்வியை அவள் தலையில் வைக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் குளித்து, என் கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு குடையோடு புறப்பட்டார். எங்கே என்றதற்கு, "மாப்பிள்ளையப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்" என்றார். ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவிடப்போகிறார் என்று அம்மா என்னைப் பின்னாலேயே துரத்தினாள். தோட்டத்துக் கோவிலில் யாரும் இல்லை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அப்பா செருப்பை வாசலில் விட்டு, குடையை மடக்கி ஓரமாக வைத்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றார். முழங்கால் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மாமனார் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, பொண்ணு குடுத்தவன் வந்திருக்கேன்" என்று தொடங்கினார். "எம்பொண்ணு மேல கொறை ஏதும் இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறோம். இல்லைன்னா நீங்களா வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. நானா கொண்டாந்து விடமாட்டேன், எங்க பழக்கத்துல அது இல்ல. வர முடியாட்டி ஒரு ஆளையாவது அனுப்புங்க." இவ்வளவும் கணீரென்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சத்தம் இறங்கிப்போனது. "அவ பெருசா ஒன்னும் கேக்கலீங்க. ஒரு வார்த்தை பேசச் சொல்லுறா. அவ்வளவுதான்." வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. நானும் செருப்பைக் கழற்றினேன். அப்பா கும்பிட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்தார்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்பா வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். உடைந்த நாற்காலிக்கு ஆணி வைத்தார். ஒரு கோழியை வாங்கிக் கூடையில் கவிழ்த்து வைத்தார். கீழே வளைவில் பஸ் ஹோர்ன் கேட்கும் போதெல்லாம் எழுந்து போய்ப் பாதையைப் பார்த்தார். அவரை நம்பவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. இப்படிக் காத்திருந்துவிட்டு யாருமே வராமல் போனால் அக்காவோடு சேர்ந்து இவரும் உடைந்துபோவாரே என்றுதான் நான் பயந்தேன். அக்கா எதையும் கவனிக்காதவள்போல அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஹோர்ன் கேட்டால் அவள் கையும் ஒரு கணம் நிற்கும்.

அந்த வாரமே ஒரு பின்னேரம், மழையில் முழுக்க நனைந்து ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டாள். அக்கா எழுந்து ஓடினாள். முகாமில் இருந்தவள் அவள். பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு யாரிடமும் ஒரு சொல் பேசாமல் இருந்தவள் என்று அக்கா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் பேசுவதை அக்காவே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். விஷயம் சாதாரணமானது. பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வரச்சொல்லித் துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போய் வாசல் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, சிங்களம் தெரியாமல் உள்ளே போகப் பயந்து, மடத்தில் விசாரித்து, பஸ் மாறி மாறி இங்கே வந்துவிட்டாள். கூட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"முகாமுல வேற சிஸ்டர்மாரு இருக்காங்களே. என்னை ஏன் தேடி வந்தீங்க?" என்று அக்கா கேட்டாள். குரலில் எரிச்சல் இல்லை, களைப்பு இருந்தது. அந்தப் பெண் சேலை முந்தானையைப் பிழிந்தபடியே சொன்னாள். "எல்லாரும் வந்து எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க சிஸ்டர். கடவுள் சித்தம்பாங்க, அழாதம்பாங்க. நீங்க மட்டுந்தான் ஒன்னுமே பேசாம எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்க. அப்ப எனக்குன்னு ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சிச்சு."

அக்கா அதைக் கேட்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா எதையும் விளக்கவில்லை. அவருக்கு விளக்கத் தெரியாது. ஆணி வைத்த நாற்காலியைத் துண்டால் துடைத்து முன்னால் போட்டு, "உக்காருங்கம்மா, உக்காருங்க. மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருக்கீங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல தட்டை எடு, கோழியைப் பிடி என்று அம்மாவை விரட்டினார். அக்கா அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். முகாமிலிருந்து கொண்டுவந்த அழுகை முழுவதையும் அன்றைக்குத்தான் அழுதாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு இருவரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள். அக்காவின் கைலேஞ்சியில் முடிச்சு இருந்ததா, மோதிரம் விரலுக்குப் போய்விட்டதா என்று பார்க்கத் தோன்றவில்லை. கிளினிக் முடிந்த பிறகு அவள் லயத்துக்குத் திரும்பி வரவில்லை, முகாமுக்குப் போய்விட்டாள் என்று மடத்திலிருந்து சொன்னார்கள்.

இதை அற்புதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்குத் துணை தேடி ஒருத்தி வந்தாள், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பிரசங்கங்களில் எனக்குள் இறங்காத உவமை, அன்று அப்பாவின் பழுதுபார்த்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கலியாணம் என்றால் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கலியாணமே அல்ல. கடவுளுக்குப் பிரமாணிக்கமாக இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்பா அவரிடம் நியாயம் கேட்டார். கேட்டுவிட்டு, வருவார் என்று நம்பி வாசலுக்குச் சுண்ணாம்பும் அடித்தார். இரண்டையும் ஒரே ஆள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உறவு இல்லாத இடத்தில் யாரும் போய் நியாயம் கேட்பதில்லை.

போன கார்த்திகை மழையில் அப்பா இறந்தார். சாவு வீட்டில் சம்பந்தி வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து உடம்பில் போர்த்துவதை நாங்கள் கோடி போடுவது என்போம். என் வீட்டுக்காரர் கோடி போட்டு முடித்ததும், சடங்கு நடத்திய பெரியவர் பழக்கத்தில், "மூத்த மாப்பிள்ளை வீட்டுக் கோடி?" என்று குரல் கொடுத்துவிட்டார். பிறகு அவருக்கே நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.  அப்போது பாதையில் மடத்துச் சிஸ்டர்மார் வரிசையாக ஏறி வந்தார்கள். அக்கா முன்னால் வந்தாள். அவள் கையில் ஒரு தாம்பாளம், அதில் ஒரு கரை வேட்டி. அவளே அதைப் பிரித்து அப்பாவின் மேல் போர்த்திச் சரிசெய்தாள். விரலில் மோதிரம் இருந்தது. வேட்டி வாங்கப் பணம் ஏது என்று பிறகு அம்மா கேட்டதற்கு, "மதர் குடுத்தாங்க. மருமகன் செய்யிற மொறைதானேம்மா" என்றாள்.

இந்த நத்தாருக்கு முதல் நாள், அலுமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் பதுளைக்குப் போனோம். அப்பா இல்லையென்று சீர் நின்றுவிடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். "பொறந்த வீட்டுல நாதியில்லன்னு சகலை நெனைச்சிரக்கூடாது" என்றார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. தூறல் விடவில்லை. மடத்துக் கேட்டை அக்காவே வந்து திறந்தாள். நரை விழுந்திருக்கிறது. பொட்டலத்தைப் பார்த்ததும், அப்பா வாங்கி வைத்தது என்று நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அப்பா இருந்தால் கேட்டிருக்கக்கூடியதை நான் கேட்டேன். "மாப்பிள்ளை இப்ப பேசுறாராக்கா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது.

"பேச்சு இன்னமும் கொறைவுதான்" என்றாள். மழையில் நனைந்து நின்ற எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொட்டலத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஆனா ஆளு அனுப்பாம இருந்ததில்ல. உள்ள வாங்க."